வீட்டுக்கு ஒரு பழைய பிராடோ: பெற்றோலா, டீசலா?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் வாழும் குடும்பம் அது. தந்தைக்கு 2009 இல் ஒரு கால் போனது. செயற்கைக் காலோடு தாழ்வான காருக்குள் குனிந்து ஏறுவதும், அதிலிருந்து எழுந்து இறங்குவதும் அவருக்குப் பெரும்பாடு. மாரி காலத்தில் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு வரும் நான்கு கிலோமீற்றரும் வேறு கதை. கனடாவில் இருக்கும் மகன் இரண்டு வேலை செய்து சேர்த்த காசும், ஊரில் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் காணியை விற்ற காசும் சேர்ந்து பழைய பிராடோ ஒன்று வாங்கப்பட்டது. பார்த்தவர்கள் ஆடம்பரம் என்றார்கள். உயரமான இருக்கையும் ஏறுவதற்கு ஒரு படியும் இருந்தால்தான் அந்த மனிதர் வைத்தியசாலைக்குப் போகலாம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது.

வாங்கியது 2016 ஆம் ஆண்டின் 2.8 லீற்றர் டீசல். "அண்ணை, டீசல் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" என்று தரகர் சொல்லியிருக்கிறார். அப்படியே எடுத்தார்கள். மாதம் இரு தடவை கிளிநொச்சி வைத்தியசாலை, வாரத்தில் ஒரு நாள் சந்தை, வெள்ளிக்கிழமை கோயில். ஒரு ஓட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. ஏழாவது மாதத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வாகனம் ஓடியதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னும் சில வாரங்களில் எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காத நிலைக்கு வந்து, கடைசியில் லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. புகை வடிகட்டி முழுதாக அடைத்திருந்தது. ஒரு இன்ஜெக்டரும் பழுது. திருத்தக் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு மகன் தொலைபேசியில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம்.

வாகனம் மோசமானது அல்ல. அந்த வீட்டின் ஓட்டத்துக்கு அந்த எஞ்சின் பொருந்தவில்லை. வாங்கும்போது நிறம், ஆண்டு, மைலேஜ், தோல் இருக்கை எல்லாம் பார்த்தவர்கள், மூடியைத் திறந்து உள்ளே இருப்பது எது என்று கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

டீசல் மீது எமக்கு ஏன் இந்த நம்பிக்கை

டீசல் என்றால் உழைக்கும், செலவு குறையும், பழுதாகாது என்ற எண்ணம் வடக்கில் ஆழமாக இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் எமக்குக் கிடைக்காத பொருள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது முடிந்தது. உழவு இயந்திரம், லொறி, தண்ணீர் பம்பி ஆகியவற்றின் டீசல் எஞ்சின்களோ எதை ஊற்றினாலும் முக்கி முனகி ஓடின. எந்த எண்ணெயையும் தாங்கும், எந்தக் கராஜிலும் திருத்தலாம் என்ற பெயர் டீசலுக்கு அப்போது வந்தது. வன்னியில் தொண்டு நிறுவனங்கள் ஓட்டிய வெள்ளை லாண்ட் குரூசர்களும் அந்தப் பெயரை வளர்த்தன. அவற்றில் பலவற்றில் இருந்தது 4.2 லீற்றர், டேர்போ இல்லாத, மின்னணுக் கட்டுப்பாடு எதுவுமில்லாத 1எச்இசட் எஞ்சின். அது உண்மையிலேயே எதையும் தாங்கும்.

பிறகு விலை. 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா, ஓட்டோ டீசல் 121 ரூபா. அந்த வித்தியாசத்தில் டீசல் வாங்காதவர் கணக்குத் தெரியாதவர். ஆனால் ஆறே மாதத்தில், 2022 ஜூன் இறுதியில், பெற்றோல் 470 ரூபாவாகவும் டீசல் 460 ரூபாவாகவும் போனது. பிறகு விலை இறங்கியபோதும் பழைய இடைவெளி திரும்பி வரவில்லை. 2025 இல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இருபது ரூபாவைச் சுற்றியே இருந்தது.

அதாவது டீசலின் இரண்டு பெருமைகளில் ஒன்று, விலை, பெருமளவு போய்விட்டது. மற்றது, எதையும் தாங்கும் தன்மை, எஞ்சின் மாறியபோதே போய்விட்டது.

இன்றைய டீசல் எஞ்சினுக்குள்

பழைய டீசல் பம்பி இயந்திரக் கடிகாரம் மாதிரி. இன்றைய ஆடம்பர ஜீப்களில் இருப்பது கொமன் ரெயில் முறை. டீசலை ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் ஒரு குழாயில் தேக்கி, கணினி சொல்லும் கணத்தில், மிகச் சிறிய துளைகள் வழியாக இன்ஜெக்டர் சீறவிடுகிறது. உங்கள் வாகனச் சில்லில் இருக்கும் காற்றின் அமுக்கம் இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். இந்த இன்ஜெக்டருக்கும் பம்பிக்கும் உராய்வைத் தணிப்பது டீசலே. மண்ணெண்ணெய் கலந்த டீசலுக்கு அந்த வழுவழுப்புக் குறைவு. தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் மோசம். தடைக்காலத்து எஞ்சினைக் காப்பாற்றிய அதே மண்ணெண்ணெய் இன்றைய எஞ்சினைக் கொல்லும்.

அடுத்தது டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டி. புகைப்போக்கியில் வரும் கரியை இது பிடித்து வைக்கும். நிரம்பியதும் எஞ்சின் தானாகவே வெப்பத்தை ஏறத்தாழ 600 பாகை வரை உயர்த்தி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு வாகனம் சூடாகி, நிற்காமல் பதினைந்து இருபது நிமிடமாவது ஓட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும் வாகனத்துக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடும் வாகனத்துக்கோ எரிப்பு தொடங்கும், வீடு வந்துவிடும், எஞ்சினை நிறுத்திவிடுவோம். அரைகுறையாக நின்ற எரிப்பு, அடுத்த தடவை இன்னும் அரைகுறை. எரிக்கவென்று ஊற்றிய மேலதிக டீசல் சில எஞ்சின்களில் ஒயிலுக்குள் இறங்கி அதையும் தண்ணீராக்கும். கிளிநொச்சிக் குடும்பத்துக்கு நடந்தது இதுதான்.

ஓட்டோ டீசலில் கந்தகம் கூட. இந்த வடிகட்டி உள்ள வாகனங்கள் யூரோ 4 தரத்திலான சுப்பர் டீசலுக்காவது பழக்கப்பட வேண்டும். அது லீற்றருக்குப் பெற்றோலை விடவும் விலை கூட. டீசல் மலிவு என்ற கணக்கு இங்கே இன்னொரு தடவை உடைகிறது.

சில கராஜ்களில் "வடிகட்டியை அறுத்துவிடுவோம் அண்ணை, தொல்லை முடிஞ்சுது" என்பார்கள். கணினியிலும் அதை அழித்துவிட்டால் விளக்கு எரியாது, உண்மைதான். ஆனால் அந்தக் கரி முழுவதும் உங்கள் வீட்டு முற்றத்திலும் பாடசாலை வாசலிலும் இறங்கும். வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. வாங்கும்போது அது ஏற்கெனவே அறுக்கப்பட்டிருக்கிறதா என்று கீழே குனிந்து பார்ப்பது இன்னும் முக்கியம். அறுத்தவர் அதைச் சொல்லமாட்டார்.

பிராடோவின் எஞ்சின்கள்

வடக்கில் பழைய ஆடம்பர ஜீப் என்று தேடுபவர்களில் பாதிப் பேர் தேடுவது டொயோட்டா பிராடோ என்பதால் அதை விரிவாகப் பார்ப்போம். 2009 இல் வந்த 150 வரிசையில் நான்கு எஞ்சின்கள் எமது சந்தையில் காணக்கூடியவை.

முதலாவது 3.0 லீற்றர் டீசல், 1கேடி. 2015 வரை. நல்ல எஞ்சின், நிறையப் பேருக்குக் கைவந்த எஞ்சின். இதற்கு டைமிங் பெல்ட் உண்டு. ஏறத்தாழ 150,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். நேரம் வந்ததும் மீற்றர் பலகையில் ஒரு விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைப்பது சில நிமிட வேலை. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதை நம்பாமல், மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டு, வாங்கிய வாரமே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

இந்த எஞ்சினின் இன்னொரு பலவீனம், முக்கியமாக முந்திய 120 வரிசையில், இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் சிறு வளைய சீல். அது கசிந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் போகும். ஒயில் தார் மாதிரி இறுகி, அடியிலுள்ள உறிஞ்சு வடியை அடைக்கும். பிறகு எஞ்சினுக்கு ஒயில் ஏறாது. சில ஆயிரம் ரூபா சீலைக் கவனிக்காததால் முழு எஞ்சினும் போன கதைகள் உண்டு. குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது கடகடவென்று தட்டும் சத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்டால் இன்ஜெக்டர்களைச் சந்தேகியுங்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஜப்பானில் 2007 தொடக்கம் 2015 வரை பிராடோ டீசலில் விற்கப்படவில்லை. ஆகவே 2012 ஆம் ஆண்டு டீசல் பிராடோ ஒன்றைக் காட்டி "ஜப்பானில் ஓடிய வண்டி" என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. அது பிரித்தானியா போன்ற வேறொரு நாட்டிலிருந்து வந்திருக்கும். அதனால் மட்டும் அது கெட்ட வாகனம் ஆகிவிடாது. ஆனால் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புக் கொட்டும் நாடு. அடியில் படுத்து சேஸியின் துருவைப் பாருங்கள்.

இரண்டாவது 2.8 லீற்றர் டீசல், 1ஜிடி. 2015 நடுப்பகுதியிலிருந்து. பெல்ட் இல்லை, சங்கிலி. 450 நியூற்றன் மீற்றர் இழுவை. ஏழு பேரும் பொதிகளும் ஏறினாலும் ஏ9 வீதியில் ஒரு பஸ்ஸை முந்துவதற்கு யோசிக்கத் தேவையில்லை. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதைத்தான் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் இதில் டி.பி.எஃப். இருக்கிறது. ஜப்பானிய வாகனமாயின் அட்புளூ எனப்படும் யூரியாத் திரவத் தாங்கியும் கூடவே இருக்கும். அந்தத் திரவம் தீர்ந்தால், எச்சரித்துவிட்டு, ஒரு கட்டத்தில் எஞ்சின் மீண்டும் எழும்ப மறுக்கும். உங்கள் ஊரில் அது எங்கே கிடைக்கும் என்று வாங்குவதற்கு முன் விசாரியுங்கள்.

இந்த வடிகட்டி அவுஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை போனது. 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில் அங்கு விற்கப்பட்ட பிராடோ, ஹைலக்ஸ், போர்ச்சூனர் வாகனங்கள் 264,170 தொடர்பான வழக்கில், அவற்றின் டி.பி.எஃப். அமைப்பு குறைபாடுடையது என்று சமஷ்டி நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. அங்கே பிரச்சினை தொடர்ந்து வேகமாக ஓடும்போது வந்தது. இங்கே நாம் காண்பது குறுகிய ஓட்டத்தில் வருவது. எப்படியானாலும் இந்த ஆண்டுகளின் 1ஜிடி வாங்குபவர், வடிகட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எத்தனை தடவை எரித்திருக்கிறது என்பதை ஸ்கானரில் வாசிக்கச் சொல்லாமல் காசு கொடுக்கக் கூடாது.

மூன்றாவது 2.7 லீற்றர் பெற்றோல், 2டிஆர். இதைப் பலர் மதிப்பதில்லை. 163 குதிரைவலு, 246 நியூற்றன் மீற்றர். இரண்டு தொன் அளவுள்ள உடலுக்கு அது குறைவு. மேட்டில் இரைச்சல் போடும். ஆனால் டேர்போ இல்லை, உயர் அமுக்கப் பம்பி இல்லை, டி.பி.எஃப். இல்லை, பெல்ட் இல்லை. 92 ஒக்டேன் போதும். ஹைஏஸ், ஹைலக்ஸ் வாகனங்களிலும் இதே குடும்பத்து எஞ்சின் இருப்பதால் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலையத் தேவையில்லை. மாதக்கணக்கில் கராஜில் நின்றாலும் பற்றரியை மாற்றினால் எழும்பும். வன்னியும் குடாநாடும் மேடு பள்ளம் இல்லாத தரை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்காவது 4.0 லீற்றர் வி6 பெற்றோல். உறுதியான எஞ்சின், இனிமையான ஓட்டம், எரிபொருளில் அடங்காப் பசி. வரி கொள்ளளவில் கணிக்கப்படும் நாட்டில் இது குறைவாகவே வந்தது. விற்கப் போகும்போது வாங்க ஆள் தேட வேண்டும்.

கணக்கு

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 2.7 பெற்றோல் பிராடோ லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர், 2.8 டீசல் பத்து கிலோமீற்றர் என்று வைப்போம். பெற்றோலை 300 ரூபாவாகவும் சுப்பர் டீசலை 315 ரூபாவாகவும் எடுப்போம். இன்றைய விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

வருடத்துக்கு 5,000 கிலோமீற்றர் ஓடும் வீட்டு வாகனம்: பெற்றோலுக்கு ஏறத்தாழ 214,000 ரூபா, டீசலுக்கு 158,000 ரூபா. மிச்சம் 56,000 ரூபா. மாதம் ஐயாயிரம் கூட இல்லை. அதே ஆண்டு டீசல் பிராடோவுக்குச் சந்தையில் பொதுவாக இலட்சங்கள் கூடக் கேட்பார்கள். அந்த மேலதிகத்தை இந்த மிச்சத்தால் பிரித்துப் பாருங்கள், எத்தனை வருடம் என்று. இடையில் ஒரு செற் இன்ஜெக்டர் மாற்ற வந்தால் அதுவும் இலட்சங்களில்தான்.

வருடத்துக்கு 40,000 கிலோமீற்றர் ஓடும் ஹயர் வாகனம்: பெற்றோலுக்கு 1,714,000 ரூபா, டீசலுக்கு 1,260,000 ரூபா. மிச்சம் நான்கரை இலட்சம். ஆடி ஆவணி மாதங்களில் வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கட்டுநாயக்காவிலிருந்து ஏற்றி இறக்குபவருக்கு டீசல் தவிர வேறு யோசனை வேண்டாம். நீண்ட ஓட்டம் வடிகட்டிக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

இரண்டுக்கும் நடுவில், வருடம் 15,000 கிலோமீற்றர் அளவில் ஓடுபவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். அவர்களுக்கு என் அபிப்பிராயம்: உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நீண்ட தூரமா என்று பாருங்கள். ஆமென்றால் டீசல், அதுவும் சேவைப் பதிவு முழுதாக உள்ள டீசல். இல்லையென்றால் பெற்றோல்.

2022 இல் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த 20 லீற்றரில் பெற்றோல் பிராடோ 140 கிலோமீற்றர், டீசல் 200 கிலோமீற்றர். அப்படியொரு காலம் மீண்டும் வரலாம் என்று அஞ்சி டீசல் வாங்குபவரை நான் தவறு சொல்லமாட்டேன். எரிபொருள் இல்லாமல் நின்ற வருடங்கள் எமக்கு மற்றவர்களை விடக் கூட.

மற்றவை

மிற்சுபிசி மொன்டேரோவின் 3.2 டீசல் வலுவான எஞ்சின், சங்கிலியில் ஓடுவது. 2000 களின் முற்பகுதியில் வந்தவற்றில் மின்னணுவால் கட்டுப்படும் சுழல் பம்பி இருக்கிறது. அது பழுதானால் செலவு கடுமை. பின்னர் வந்தவை கொமன் ரெயில். 3.0 வி6 பெற்றோல் எளிமையானது, ஆனால் குடிக்கும். இந்த வாகனத்தின் உற்பத்தி 2021 உடன் முடிந்துவிட்டாலும் இலங்கையில் பாகங்களுக்குப் பஞ்சமில்லை.

ஐரோப்பிய வாகனங்களைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிய வாகனத்தின் விலையில் அதைவிடப் பகட்டான ஒரு பி.எம்.டபிள்யூ. அல்லது லாண்ட் றோவர் கிடைக்கும்போது மனம் தடுமாறும். விலை ஏன் இறங்கியது என்று கேளுங்கள். பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 1, எக்ஸ் 3 வாகனங்களில் 2007 ஐ அடுத்து வந்த 2.0 டீசலில் டைமிங் சங்கிலி எஞ்சினின் பின்பக்கம், கியர்பொக்ஸ் ஓரமாக இருக்கிறது. சங்கிலி தேய்ந்தால் அதைத் தொடவே பெரிய கழற்றல் வேண்டும். லாண்ட் றோவர் டிஸ்கவரியின் வி6 டீசலில் கிராங்க் தண்டு பழுதாகும் சம்பவங்கள் பல நாடுகளில் பேசப்பட்டவை. அதன் டேர்போவை மாற்ற முழு உடலையும் சேஸியிலிருந்து தூக்குவதுதான் வசதி என்பார்கள் மெக்கானிக்குகள். அதைத் தூக்கும் வசதி உங்கள் ஊர்க் கராஜில் உண்டா?

எக்ஸ் 5 இன் 40ஈ என்பது இலங்கையின் வரிமுறையால் பிரபலமான வாகனம். 2.0 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்தது; வீட்டில் செருகி மின்னேற்றலாம். கொள்ளளவு சிறிது, கலப்பின வாகனம் என்பதால் வரி குறைந்து, 2016 இற்குப் பிறகு நிறையவே வந்து இறங்கின. புதிதாக இருந்தபோது மின்சாரத்தில் மட்டும் முப்பது கிலோமீற்றர் அளவு ஓடும். இன்று அவற்றின் பற்றரிகளுக்கு வயதாகிவிட்டது. எமது வெயில் பற்றரிக்கு நண்பன் அல்ல. பற்றரி தளர்ந்தால் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட உடலை ஒரு சிறு டேர்போ எஞ்சின் தனியே இழுக்கும். 95 ஒக்டேன் பெற்றோலும் வேண்டும், அது வன்னியின் எல்லா நிரப்பு நிலையங்களிலும் இல்லை. பற்றரியின் நிலையைச் சொல்லும் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் இதை வாங்குவது சீட்டுப் பிடிப்பது மாதிரி. கொழும்பில் வாழ்ந்து, வீட்டில் மின்னேற்றி, முகவரிடம் சேவை செய்யக்கூடியவருக்கு நல்ல வாகனம். முல்லைத்தீவில் இருப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

பார்க்கப் போகும் நாள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோ வானத்தில். அதனால் பத்து வருடப் பழைய ஜீப்பும் பொன் விலை விற்கிறது, விற்பவர்களும் அவசரப்படுத்துவார்கள். அவசரப்படாதீர்கள்.

காலையில் போங்கள். வருவதாகச் சொல்லும்போதே எஞ்சினை எழுப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினின் சத்தத்தை உங்களிடமிருந்து மறைக்க ஒரு காரணம் இருந்திருக்கிறது. எழுப்பியபின் ஒயில் மூடியைத் திறந்து அதன் மேல் கையைப் பிடியுங்கள். காற்றுப் பலமாகத் தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. நீலப் புகை ஒயில் எரிவது. நிற்காத வெள்ளைப் புகை இன்ஜெக்டர் அல்லது கூலன்ற் பிரச்சினை. டீசலில் மிதிக்கும்போது வரும் கரும்புகை அளவுக்கு மீறிய எரிபொருள். பளபளவென்று கழுவிய எஞ்சின் எனக்குச் சந்தேகம்தான். கசிவு எங்கே என்று தூசிதான் காட்டும்.

உங்களுடன் வரும் மெக்கானிக் விற்பவர் ஏற்பாடு செய்தவராக இருக்கக் கூடாது. ஸ்கானரில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் வாசிக்கச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அதுதான் அடுத்த செலவு. அதற்காகக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாவுக்கு யோசிப்பவர்கள் பிறகு இலட்சங்களுக்கு அழுவதைக் கண்டிருக்கிறேன்.

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் வகை எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் வாகனத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பூட்டிய பழைய பிராடோக்களும் பஜேரோக்களும் சந்தையில் உண்டு. மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருந்தால் பரவாயில்லை. பதியப்படாவிட்டால் காப்புறுதியிலும் சிக்கல், பொலிஸாரிடமும் சிக்கல். சோதனைச் சாவடியில் இலக்கம் பொருந்தாதபோது விளக்கம் சொல்ல வேண்டியவர் அதைப் பூட்டியவர் அல்ல, ஓட்டிக்கொண்டு போகும் உங்கள் மகன்.

சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் வந்தபின் முழுக்காசையும் கொடுங்கள். பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு கைமாறி வந்த வாகனத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை: படத்தைப் பார்த்து நிறம் தெரிவு செய்வதற்கு முன், அம்மாவும் அப்பாவும் மாதத்தில் எத்தனை கிலோமீற்றர் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கு டி.பி.எஃப். என்ன என்று தெரியாது. மஞ்சள் விளக்கு எரிந்தால் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள், பிள்ளைக்குச் செலவு என்று.

கிளிநொச்சிக் குடும்பம் அந்த 2.8 ஐத் திருத்தி, திருத்திய பற்றுச்சீட்டுகளுடனேயே, விமான நிலைய ஹயர் ஓடும் ஒருவருக்கு விற்றது. கொஞ்சம் நட்டம்தான். கிடைத்த காசில் 2013 ஆம் ஆண்டின் 2.7 பெற்றோல் ஒன்றை எடுத்தார்கள். மூன்று வருடம் பழையது, முந்தும்போது முனகுகிறது. தந்தை இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து, படியில் நல்ல காலை வைத்து ஏறிவிடுகிறார். டீசல் வாகனம் இப்போது கட்டுநாயக்காவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வாரத்தில் மூன்று நான்கு தடவை ஓடுகிறது. அதில் மஞ்சள் விளக்கு இதுவரை எரியவில்லையாம்.